கூரையையும் வரை

எங்கள் காலனியிலிருந்து டிசைன் படிக்கப் போனவர்கள் நாங்கள் இருவர்தான். "ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற படிப்பா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவோம். அட்டைக்கும் கலர் பிரிண்டுக்கும் ஆகும் செலவை மட்டும் வீட்டில் சொல்வதில்லை. உதவித்தொகை வருவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும்.

வகுப்பில் சொம்பைப் பற்றிப் படித்தோம். அமெரிக்கத் தம்பதியரான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் 1958இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் அதை அப்படிப் புகழ்கிறார்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்க வழி செய்த அறிக்கை அது. எவ்வளவு நீர் பிடிக்கும், இடுப்பில் எப்படி உட்காரும், ஊற்றும்போது எப்படி விழும் என்று அடுக்கடுக்காகக் கேள்விகள். நிஜமாகவே அருமையான கேள்விகள். யார் தொடலாம் என்பது மட்டும் அதில் இல்லை.

எங்கள் ஆயாக்கள் கையைக் குவித்துத்தான் தண்ணீர் குடித்தார்கள், சொம்பு மேலேயே நிற்கும். டீக்கடையில் அவர்களுக்குக் கொட்டாங்குச்சி.

ஆண்டு இறுதி வேலைக்கு இரண்டையும் அருகருகே வரைந்தோம்: எடை, கொள்ளளவு, தொடும் கை. "அரசியல் வேண்டாம், டிசைனைப் பேசுங்கள்" என்றார் மதிப்பிட வந்த ஒருவர். மதிப்பெண்ணும் அப்படியே வந்தது.

ஏப்ரல் 14 அன்று அந்தப் படங்களை எங்கள் தெருச் சுவரில் ஒட்டினோம். ஓர் ஆயா கொட்டாங்குச்சியின் முன் நெடுநேரம் நின்றார். எந்த ஆசிரியரும் எங்கள் படத்தை அப்படிப் பார்த்ததில்லை.

"தப்பா வரைஞ்சிருக்கீங்க கண்ணு. அது கடைக்கு வெளிய, கூரையில செருகி இருக்கும். நாமளே எடுக்கணும், குடிச்சிட்டு நாமளே கழுவி வைக்கணும். கூரையையும் வரை."

அன்று இரவே வரைந்தோம்.