சிறிய துப்பாக்கி

கணவரை இழந்தபின் ஹூஸ்டன் நகரில் தனியே வாழ்கிறாள் என் தங்கை. மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து விடியுமுன் வீடு திரும்புபவள். கைத்துப்பாக்கி வாங்கியிருப்பதாக அவள் தொலைபேசியில் சொன்னபோது கடுமையாகக் கண்டித்தேன். இலக்கியம் கற்பிப்பவனுக்கு அறவுரை எளிது. சென்ற கோடை விடுமுறையில் அவள் வீட்டில் ஒரு மாதம் தங்க நேர்ந்தது.

அவள் வாங்கியிருந்தது ரூகர் நிறுவனத்தின் எல்சிபி. 2008இல் வெளிவந்த வகை. தோட்டாக்கள் நீங்கலாக 300 கிராமுக்கும் குறைவான எடை. “என் கை சின்னது அண்ணா, அதான் சின்னதா வாங்கினேன்” என்றாள்.

அவ்வெண்ணம் எத்தனை பிழையானது என்பதைச் சுடும் பயிற்சிக்கூடத்தில் கண்டேன். சுற்றுலா விசாவில் சென்றவர்கள் துப்பாக்கியைக் கையாள அந்நாட்டுச் சட்டம் பொதுவாக இடங்கொடுப்பதில்லை. ஆகவே செவிக்காப்பு அணிந்து பின்னால் நின்றேன். ஏழு கஜத் தொலைவிலிருந்த தாளில் அவள் சுட்டவை எல்லாம் இடப்புறம் கீழே சிதறின.

பயிற்றுநர் பொறுமையாக விளக்கினார். எடை குறையக் குறைய உதை கூடுகிறது. பிடி குட்டையாதலால் சுண்டுவிரலுக்கு இடமில்லை. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைவாதலால் சிறு பிசகும் பெரிதாகிவிடுகிறது. தோட்டா அடுக்கின் அடியில் விரல் தாங்கும் சிறு நீட்சியொன்றைப் பொருத்தினார். வலக்கையை, பின்னோக்கி நகரும் மேற்பகுதியில் உரசாமல், இயன்றவரை உயர்த்திப் பிடிக்கச் செய்தார். இடக்கை விரல்கள் வலக்கை விரல்களைப் போர்த்தி இறுக்க வேண்டும். பெருவிரல்கள் இரண்டும் ஒரே பக்கம் முன்னோக்கி நிற்க வேண்டும். எந்த விரலும் குழல்வாயைத் தாண்டக் கூடாது.

எஞ்சியது விசை விரல். சுடத் துணியும்வரை அது விசைக்கூண்டுக்கு வெளியே நேராகக் கிடக்க வேண்டும். சிறிய துப்பாக்கியில் விசை மிக அருகில் இருப்பதால் விரல் தேவைக்கு மேல் உள்ளே நுழைந்து, இழுக்கும்போது குழலைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. நுனிச்சதையா, முதல் கணுவா என்பதற்குப் பொதுவிதி இல்லையாம். எவ்விடத்தால் இழுத்தால் முன்குறி அசையவில்லையோ, அதுவே அவரவர் விரலுக்குரிய இடம். விதிகளையே நாடிப் பழகிய எனக்கு இது புதிதாக இருந்தது.

அன்றிரவு முதல் வீட்டில் பயிற்சி. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டி, அறை காலியா என்று இருமுறை பார்த்து, வெற்றுத் துப்பாக்கியின் மேல் ஒரு சென்ட் நாணயத்தை வைத்து விசையை இழுப்பாள். நாணயம் விழும். மேற்பகுதியைப் பின்னிழுத்துவிட்டு மீண்டும் வைப்பாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் நாள் இருபதில் பதினேழு விழுந்தன. பத்தாம் நாள் ஒன்றும் விழவில்லை.

“பயம் போயிடுச்சா?” என்றேன்.

“பயம் அப்படியேதான் இருக்கு அண்ணா. கை மட்டும் நடுங்கலை.”

துப்பாக்கி வீட்டில் இருப்பதை இன்றும் என் மனம் ஏற்கவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் அவளது பயத்தைப் பற்றி நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.