ஆனி மாதத்து நீலம்

மாம்பழம் என்றால் எல்லாரும் சித்திரையைத்தான் சொல்வார்கள். முதல் பங்கனபள்ளிக்கு விலை கேட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவதும், சேலத்திலிருந்து மல்கோவா வந்துவிட்டதா என்று கடைக்காரரை நச்சரிப்பதும் அப்போதுதான். எனக்கு மாம்பழ மாதம் ஆனி. அக்னி நட்சத்திரம் முடிந்து, ஊரே மாம்பழம் தின்று சலித்திருக்கும் நேரத்தில் நீலம் வரும். அதற்குள் மாம்பழத்தின் விலையும் இறங்கியிருக்கும், மரியாதையும் இறங்கியிருக்கும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். அல்போன்சாவும் வடக்கத்தித் தசேரியும் ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் ஓய்வெடுக்கிற சாதி. நீலம் வருடம் தவறாது. அதனால்தான் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் நீலத்தையும் தசேரியையும் சேர்த்து மல்லிகா, ஆம்ரபாலி என்று இரண்டு ரகங்களை உண்டாக்கினார்கள். அல்போன்சாவோடு சேர்த்ததில் ரத்னா பிறந்தது. மல்லிகாவை ஆசையாக வாங்கிப் போகிறவர், பக்கத்துக் கூடையிலிருக்கும் அதன் தாயைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

குறை இல்லாமல் இல்லை. கொட்டைக்குள் வண்டு இருக்கும். பிஞ்சின் தோலிலேயே முட்டையிட்டுவிடுகிறது. புழு சதையைத் துளைத்துக்கொண்டு கொட்டைக்குள் போய்விடும், போன தடமும் தூர்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பழத்தில் ஒரு பொட்டுகூடத் தெரியாது. 2007-இல் அமெரிக்கா நம் மாம்பழத்தை மறுபடி உள்ளே விட்டபோது, கதிர்வீச்சுக்கு உட்படுத்தித்தான் அனுப்ப வேண்டும் என்று சொன்னதற்கு இந்த வண்டும் ஒரு காரணம். எங்கள் வீட்டில் அவ்வளவு கெடுபிடி கிடையாது. கறுப்பாக ஒன்று ஊர்ந்து வந்தால் பிள்ளைகள் கத்தும், பெரியவர்கள் கொட்டையைத் தூர எறிந்துவிட்டுத் தின்பார்கள்.

ஆனி பிறப்பதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடுவதால், எங்களுக்கு வாய்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். சனி இரவே அத்தையும் சித்தியும் வந்துவிடுவார்கள். தோப்பிலிருந்து வந்த பழங்களைக் கூடத்தில் கொட்டினால் முதலில் தின்பதுதான் வேலை. நீலத்துக்குக் கத்தியும் தட்டும் அதிகம். உள்ளங்கையில் வைத்து உருட்டி, நன்றாகக் குழைந்ததும் நுனியைக் கடித்து உறிஞ்ச வேண்டும். சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரும் பிள்ளைகள் விவரமானவர்கள்.

தரம் பிரிப்பது அத்தையின் அதிகாரம். கெட்டியானவை வைக்கோலுக்கு, கனிந்து தளர்ந்தவை கூழுக்கு, காற்றில் உதிர்ந்த காய்கள் வற்றலுக்கு. ஊறுகாய்க்கு நாட்டுக் காய்தான் வேண்டும், நீலத்தில் புளிப்புப் போதாது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சி கிடையாது. ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டும் வரை ஈரக்கையோடு யாரும் அந்தப் பக்கம் போகவும் முடியாது.

வற்றலில் ஒரு சூட்சுமம் உண்டு. நறுக்கிய துண்டுகளைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி இரவு மூடி வைத்தால் காலையில் தண்ணீர் விட்டிருக்கும். துண்டுகளை மட்டும் பிழிந்து வெயிலில் பரப்ப வேண்டும். தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. சாயங்காலம் அதே தண்ணீரில் துண்டுகளைத் திரும்பப் போட வேண்டும். இப்படிப் பகலில் வெயிலும் இரவில் உப்புத் தண்ணீருமாக, அத்தனை தண்ணீரும் காய்க்குள்ளேயே வற்றிவிடும். ஐப்பசி மழையில் காய்கறி விலை ஏறும்போது இந்த வற்றல் போட்ட குழம்பு ஒன்று போதும், வேறு தொட்டுக்கொள்ள எதையும் தேட மாட்டோம்.

கூழைத்தான் பிள்ளைகள் எதிர்பார்த்திருப்பார்கள். நெய் தடவிய தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவைத்து, அது காய்ந்தபின் அதன்மேல் அடுத்த பூச்சு. அவசரப்பட்டுத் தடிப்பாக ஊற்றினால் மேலே காய்ந்து அடியில் புளித்துப்போகும். தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைத் தாண்ட்ரா என்பார்கள். அவர்கள் அடுக்குவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எங்களுடையது. இன்றும் அவர்களுடையதுதான் நன்றாக இருக்கிறது. ஆனி வானத்தை நம்ப முடியாது. மத்தியானம் சுள்ளென்று அடித்த வெயில் மூன்று மணிக்கு முகம் கறுக்கும். "மழை வருது, ஓடுங்க!" என்று யார் கத்தினாலும் சாப்பிட்ட கையோடு எல்லாரும் மொட்டை மாடிக்கு ஓடுவோம். காக்காய்க்குக் காவல் வைத்த பிள்ளைகளிடமிருந்து தட்டைக் காப்பதற்கு வேறொரு காவல் தேவைப்படும்.

வீட்டின் இளைய தலைமுறை கூழை டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைக்கிறது. வைக்கட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. மழை பெய்கிற வருடத்தில் அதுவும் கைகொடுக்கிறது. ஆனால், "எல்லாம் கடையில கிடைக்குதே, எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்கிறவர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. விளைச்சல் கூடிய வருடங்களில் கூழ் ஆலைகள் கொடுக்கும் விலை பறிகூலிக்குக்கூடக் கட்டாமல், இந்தப் பக்கத்து விவசாயிகள் மாங்காயைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனது உண்டு. மூன்று மாதக் காவலும் மருந்தும் தண்ணீரும் அந்தக் குவியலில் கிடக்கும். அதே ஊரில் மார்கழி மாதம் பாட்டில் மாம்பழச் சாற்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஆகவே, சித்திரையில் பேரம் பேசிக் களைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள். ஆனியில் நீலம் வரும்போது, முடிந்தால் தோப்புக்காரரிடமே போய், தேவைக்கு மேல் ஒரு கூடை வாங்குங்கள். அந்த விலைக்குப் பேரம் வேண்டாம்.