சட்டகத்துக்குள் யார்?

இது திருச்சிப் பக்கத்துப் புதுக்கோட்டை அல்ல. தூத்துக்குடிக்கு மேற்கே, நெல்லை சாலையில் இருக்கும் எங்கள் புதுக்கோட்டை. தரை தட்டை. லாங் ஷாட் வைத்தால் பாதிக்கு மேல் வானம்தான். உப்பளத்தில் நிற்கும் ஆள் அம்பாரத்துக்குப் பக்கத்தில் புள்ளியாகிவிடுவார். இந்த நிலத்தைப் படம் பிடிக்க வருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அந்தப் புள்ளியை என்ன செய்வது என்பதைத்தான்.

*

‘கர்ணன்’ (2021) படத்தின் தொடக்கம். நடுச்சாலையில் வலிப்பு வந்து கிடக்கிறாள் ஒரு சிறுமி. கேமரா நேர் மேலே. அவளுக்கு இரண்டு பக்கமும் வண்டிகள் போகின்றன, ஒன்றும் நிற்கவில்லை. க்ளோசப்பில் தொடங்கியிருந்தால் நமக்கு இரக்கம் வந்திருக்கும், அவ்வளவுதான். டாப் ஆங்கிளில் சாலை முழுக்கத் தெரிவதால், அவளைத் தவிர்த்து விலகிப் போனவர்களும் சட்டகத்துக்குள் வந்துவிடுகிறார்கள். குற்றம் தெரிய அகலம் வேண்டும். இயக்குநர் மாரி செல்வராஜும் ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வரும் எடுத்ததிலேயே எனக்கு மிகப் பெரிய ஷாட் இதுதான்.

அதே படத்தில் முன்னங்கால்கள் கட்டப்பட்ட கழுதை. அங்கே நெருங்கித்தான் போக வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் அது மேய்கிற கழுதை. கிட்டே போனால்தான் கயிறு தெரியும். பேருந்து நிற்காத ஊரின் கதையை அந்தக் கயிறு சொல்லிவிடுகிறது.

*

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) முடிவதும் இப்படி ஒரு நெருக்கத்தில்தான். இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு மல்லிகைப்பூ. முகமே இல்லை. தனித்தனி கிளாஸ் வைத்த டீக்கடைகளை அறிந்தவர்களுக்கு அதில் எல்லாம் இருக்கிறது.

*

நீ (knee) ஷாட்: முழங்காலுக்கு மேலே. இடுப்புத் துப்பாக்கி தெரிய வேண்டும் என்பதால் அமெரிக்கக் கௌபாய் படங்களில் பேர் பெற்ற அளவு. வாழைத்தார் சுமக்கும் பையனுக்கு இது ஆகாது. சேற்றில் புதையும் பாதமும் வேண்டும், தலைமேல் தாரும் வேண்டும். ‘வாழை’ (2024) பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். அதை எடுத்தவரும் மாரி செல்வராஜ்தான்; இதே மாவட்டத்துப் புளியங்குளத்துக்காரர், சிறுவயதில் தார் சுமந்தவர்.

*

முத்துக்குளிப்பு. தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961இல். மேலே படகில் ஒருவர் கயிறு பிடிக்க, கீழே ஒருவர் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவார். இருவரையும் ஒரே டூ ஷாட்டில் கொண்டுவர வழியில்லை. இருவர் சட்டகத்துக்கும் பொதுவானது கயிறு மட்டும். என்னைக் கேட்டால் கேமராவைக் கயிற்றின் மேல் வைப்பேன். மேலிருக்கும் கையின் இறுக்கத்திலேயே கீழிருப்பவரின் மூச்சு தெரிந்துவிடும்.

*

போனில் குறும்படம் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு: பனைக்குப் போனை நிமிர்த்திப் பிடியுங்கள், உப்பளத்துக்குக் கிடையாகப் பிடியுங்கள். ட்ரோனை விட்டு அழகு காட்டுவதற்கு முன்னால், தரையில் நின்று ஒரு லாங் ஷாட் எடுங்கள். உப்பு சுமப்பவர் அந்தக் கரை முழுக்க நடந்து முடிக்கும்வரை கட் சொல்லாதீர்கள்.