பௌல் கேம்: ஒரு முன்னோட்டம் மாதிரி

டிசம்பர் பாதி தாண்டினா போதும், என் ரூம்மேட்டுக்கு சாமி வந்துடும். பையன் டெக்ஸஸ்காரன். ஜனவரி வரைக்கும் வரிசையா காலேஜ் ஃபுட்பால் பௌல் ஆட்டங்கள். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி யார் ஜெயிப்பாங்க, இதுல ஆடற யார் என்.எஃப்.எல்.-ல பெரிய ஆளா வருவாங்கன்னு ரெண்டு பேரும் லிஸ்ட் எழுதணும். தப்பா சொன்னவன் பாத்திரம் கழுவணும். போன சீசன் பூரா நான்தான் கழுவினேன்.

(ஃபுட்பால்னதும் காலால உதைக்கறதுன்னு நினைச்சுக்காதீங்க. இது அமெரிக்க ஃபுட்பால். முட்டை மாதிரி இருக்கற பந்தைக் கையில அணைச்சுக்கிட்டு ஓடணும், இல்ல தூக்கி எறியணும். பத்து யார்டு முன்னேற நாலு சான்ஸ். அவ்வளவு தெரிஞ்சா போதும், மேல படிக்கலாம்.)

அப்போ ஒரு நட்சத்திர ஆட்டக்காரர், "நான் பௌல்ல ஆடலை, டிராஃப்டுக்குத் தயாராகப் போறேன்"னு அறிவிச்சார். டிராஃப்ட்னா ஏப்ரல்ல நடக்கற ஆள் எடுப்பு. என்.எஃப்.எல். அணிகள் ஒவ்வொண்ணா காலேஜ் பசங்களைத் தேர்ந்தெடுக்கும். எவ்வளவு முன்னாடி உங்க பேரைக் கூப்பிடறாங்களோ அவ்வளவு பணம். ரூம்மேட் கொதிச்சுட்டான். கூட ஆடினவங்களை விட்டுட்டு ஓடறான், சுயநலம்னு திட்டினான். நானும் சரிதான்னு தலையாட்டினேன்.

அப்புறம் எப்படி ஜெயிக்கறதுன்னு கத்துக்கலாமேன்னு பழைய ஆட்டங்களைத் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட என் தலையாட்டல் நின்னு போச்சு.

முதல்ல பார்த்தது, ரூம்மேட் சாமி படம் மாதிரி வச்சுக் கும்பிடற ஆட்டம். 2006 ஜனவரி 4, பசடீனாவுல ரோஸ் பௌல். டெக்ஸஸும் தெற்கு கலிஃபோர்னியாவும் (யு.எஸ்.சி.) மோதின தேசிய சாம்பியன்ஷிப். அதுக்கு முந்தின நாள் நான் முன்னோட்டம் எழுதியிருந்தா என்ன எழுதியிருப்பேன்? யு.எஸ்.சி. தொடர்ச்சியா 34 ஆட்டம் ஜெயிச்ச டீம். குவாட்டர்பேக் மேட் லைனார்ட் 2004-ல ஹைஸ்மன் விருது வாங்கினவர். ரன்னிங் பேக் ரெஜ்ஜி புஷ் 2005-ல வாங்கினவர். எதிர்ப்பக்கம் வின்ஸ் யங், 2005 ஹைஸ்மன்ல ரெண்டாவதா வந்தவர். யு.எஸ்.சி. ஜெயிக்கும், மூணு பேருமே என்.எஃப்.எல்.-ல கொடி நாட்டுவாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதியிருப்பேன்.

நடந்தது என்ன? ஆறே முக்கால் நிமிஷம் பாக்கி இருக்கறப்போ டெக்ஸஸ் 38-26-னு பின்னாடி. யங் ஓடியே ஒரு டச் டவுன் போட்டார். அடுத்து யு.எஸ்.சி.க்கு நாலாவது சான்ஸ், ரெண்டு யார்டு தேவை. கிடைச்சிருந்தா ஆட்டம் கிட்டத்தட்ட முடிஞ்சது. பந்து லெண்டேல் வொய்ட் கையில. டெக்ஸஸ் தடுத்துடுச்சு. அந்த நேரத்துல புஷ் மைதானத்துலயே இல்லை, ஓரத்துல நிக்கறார்! கடைசியில 19 நொடி இருக்கறப்போ, இதுவும் நாலாவது சான்ஸ்தான், யங் வலது பக்கமா ஓடிக் கோட்டைத் தாண்டினார். 41-38. யங் எறிஞ்சு முன்னேறினது 267 யார்டு, ஓடினது 200 யார்டு. இத்தனை தடவை பார்த்தும் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறியுது.

சரி, அந்த ராத்திரி யார் யாரைப் பத்தி என்ன சொல்லிச்சு? ஏப்ரல்ல நடந்த டிராஃப்ட்ல முதல் ஆளா போனவர் இவங்க யாருமே இல்லை; வட கரோலினா ஸ்டேட்டோட மரியோ வில்லியம்ஸ். புஷ் ரெண்டாவது, யங் மூணாவது, லைனார்ட் பத்தாவது. லைனார்ட் ஒரு வருஷம் முன்னாடியே போயிருந்தா முதல் ஆளாவே போயிருப்பார்னு அப்போ பேச்சு. யங் 2006-ல சிறந்த புதுமுக தாக்குதல் வீரர் விருது வாங்கினார். ஆனா என்.எஃப்.எல்.-ல அவர் எறிஞ்ச டச் டவுன் 46, எதிரி பிடிச்ச பந்து 51. 2011-க்கு அப்புறம் அவர் அங்க ஆடலை. லைனார்ட் தன் இடத்தை கர்ட் வார்னர்கிட்ட பறி கொடுத்தார். புஷ் மட்டும் நியூ ஆர்லியன்ஸோட சூப்பர் பௌல் கோப்பை பார்த்தார்.

அதே நியூ ஆர்லியன்ஸ் அதே டிராஃப்ட்ல 252-வதா எடுத்த மார்க்கஸ் கோல்ஸ்டன், ஹாஃப்ஸ்ட்ரான்னு ஒரு சின்ன காலேஜ். பௌல் வாசனையே கிடையாது. அந்த அணி வரலாற்றுலயே அதிகமா பந்து பிடிச்சவரா ஓய்வு பெற்றார். 2005 பீச் பௌல்ல எல்.எஸ்.யு. மயாமியை 40-3-னு நொறுக்கினப்போ, இடது ஓரத்துல நின்னு எதிரியை மறிச்ச ஆண்ட்ரூ விட்வொர்த் ரெண்டாவது சுற்றுலதான் போனார். 40 வயசுல, 2022 பிப்ரவரியில சூப்பர் பௌல் ஜெயிச்சார். அந்த வேலையை எந்த கேமரா தொடர்ந்து காட்டுது சொல்லுங்க?

ஒரு ராத்திரி யாரோட எதிர்காலத்தையும் நிரூபிக்கறது இல்லை. இது வரைக்கும் பாத்திரம் கழுவற விஷயம், சிரிச்சுட்டுப் போயிடலாம். ரெண்டாவது ஆட்டம் அப்படி இல்லை.

2016 ஜனவரி 1, ஃபியஸ்டா பௌல். ஒஹையோ ஸ்டேட், நோட்ர டாம். இது சாம்பியன்ஷிப்கூட இல்லை. மைதானம் முழுக்க வருங்கால என்.எஃப்.எல். ஆட்கள். அதுல முக்கியமான ஒருத்தர் நோட்ர டாம் லைன்பேக்கர் ஜெய்லன் ஸ்மித். முதல் அஞ்சு இடத்துக்குள்ள போவார்னு பரவலா பேச்சு. முதல் கால் பகுதியிலயே அவர் இடது முழங்கால் போச்சு. ரெண்டு தசைநார் கிழிஞ்சு, நரம்பும் பாதிச்சு, பாதம் தூக்க முடியாத நிலைமை. ஆட்டத்தை ஒஹையோ ஸ்டேட் 44-28-னு ஜெயிச்சது. அவங்க பக்கம் எசிக்கியல் எலியட் நாலு டச் டவுன்.

அடுத்து நடந்ததுதான் கதை. டிராஃப்ட்ல டல்லஸ் கவ்பாய்ஸ் எலியட்டை நாலாவதா எடுத்தாங்க. அதே டல்லஸ் ஸ்மித்தை 34-வதா எடுத்தாங்க. எலியட்டோட நாலு வருஷ ஒப்பந்தம் சுமார் 2.5 கோடி டாலர். ஸ்மித்தோடது சுமார் 65 லட்சம். 2016 சீசன் முழுக்க அவர் ஆடவே இல்லை. அப்புறம் மீண்டு வந்து 2019-ல ப்ரோ பௌலுக்குத் தேர்வானார். அந்த மனுஷனோட வைராக்கியத்துக்கு ஒரு சல்யூட். ஆனா ஒரு ஜனவரி நாள்ல போன காசு திரும்பலை.

அதே 2016 டிசம்பர்ல லெனர்ட் ஃபோர்னெட்டும் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் பௌல்ல ஆடலைன்னு சொன்னாங்க. திட்டாத ஆள் இல்லை. டிராஃப்ட்ல ஒருத்தர் நாலாவது, ஒருத்தர் எட்டாவது. ஒரு ஆட்டத்தை விட்டதால அவங்க விலை குறையலை.

கணக்கு இதுதாங்க. நல்லா ஆடினா ஒரு படி ஏறலாம், ஏறாமலும் போகலாம். அடிபட்டா முப்பது படி சறுக்கலாம். 2021 வரைக்கும் இந்தப் பசங்க தங்க பேரை வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கக்கூட விதி விடலை. காலேஜ்களே நேரடியா பணம் தரலாம்னு ஆனது 2025-லதான். இப்போ சாம்பியன்ஷிப்புக்கு வழி விடற ஆட்டங்கள்ல எல்லாரும் ஆடறாங்க. மத்த பௌல்லதான் ஆள் குறையுது.

ரூம்மேட் இதையெல்லாம் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டான்: "வின்ஸ் யங் அன்னிக்கு ஆடாம இருந்திருந்தா?" எனக்குப் பதில் வரலை. அந்த ராத்திரி இல்லாத உலகம் எனக்கும் வேண்டாம். யங்கும் அதைக் கேட்டிருக்க மாட்டார். ஆடறவனோட சந்தோஷத்துக்கு டிராஃப்ட் விலை கட்ட முடியாது. ஆனா அதை ஆடறவன்தான் தீர்மானிக்கணும், சோபாவுல சிப்ஸ் பாக்கெட்டோட இருக்கற நான் இல்லை. நான் தப்பா சொன்னா எனக்குப் போறது அரை மணி நேரம், கொஞ்சம் சோப்பு. அவங்களுக்குப் போறது முழங்கால்.

அதனால இனிமே என் முன்னோட்டத்துல மூணு மாத்தம். யார் ஆடலைங்கறதை முதல்ல பார்ப்பேன், திட்டாம. பந்தை விட்டுட்டு, பந்து வச்சிருக்கறவனுக்கு மறைப்பு கொடுக்கற குண்டு ஆட்களைப் பார்ப்பேன். "இவர் நிச்சயம் கலக்குவார்"ங்கற வாக்கியத்தை எழுதவே மாட்டேன்.

பாத்திரம் எப்படியும் எனக்குத்தான்னு தெரியும். உங்க லிஸ்ட் என்னன்னு சொல்லிட்டுப் போங்க மக்களே.