அப்பா வாங்கிய மின்விசிறி

ஆம்பூரில் மூடிய தோல் ஷெட் ஒன்றிலிருந்து அப்பா பழைய விலைக்கு வாங்கி வந்த மின்விசிறி. மூன்று முறை காயில் கட்டியாயிற்று. போன சித்திரையில், வேலூர் பக்கத்து வெயில்தான் தெரியுமே, மறுபடி நின்றுவிட்டது.

"போதும்ப்பா, பி.எல்.டி.சி. வாங்கலாம்" என்றான் மகன்.

எனக்குக் கோபம். இரும்பு, செம்பு, அலுமினியம் எல்லாம் உருக்கிப் புதிதாக ஒன்று செய்ய எவ்வளவு கரி எரியும்! பழைய அலுமினியத்தை உருக்க, பாக்சைட்டிலிருந்து எடுப்பதில் சுமார் 5 சதவீத ஆற்றல் போதும் என்று படித்ததையும் சொன்னேன்.

"அப்போ இதைக் காயலான் கடைக்குப் போடுங்க, அடுத்த விசிறிக்கு உதவும்" என்றான். வாயை அடைத்துவிட்டான்.

ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். பழையது 75 வாட், புதியது 30. தினம் 12 மணி நேரம் ஓடினால் வருடத்துக்குச் சுமார் 200 யூனிட் மிச்சம். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. மொத்தம் 140 கிலோ. நாலைந்து கிலோ எடையுள்ள விசிறியைச் செய்யும்போது வெளியாகும் புகை, ஓடும் விசிறியின் புகைக்கு முன்னால் சிறியதுதான். தோற்றேன்.

கூடத்தில் புதியது சுற்றுகிறது. பழையதைப் போட மனம் வரவில்லை. தங்கை வந்தால் மட்டும் ஓடும் பின்னறையில் மாட்டினேன். அங்கே கணக்கு என் பக்கம்.

"நாலாவது தடவை சார்" என்று சிரித்தார் காயில் கட்டும் பாய். கூலியில் மட்டும் குறைக்கவில்லை.