ஈயத்தின் நிழல்

மொன்டானா. ஜூன் மாதக் காலை. சுடுதிடலின் மூன்றாவது மேசையில் ஒரு பெரியவர். பக்கத்தில் பேத்தி, பன்னிரண்டு வயதிருக்கும். இருவர் காதிலும் காதுறை. பின்பெஞ்சில் நான்.

தகர டப்பாவிலிருந்து குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைக்கிறாள் சிறுமி. சாம்பல் நிறம், தட்டை மூக்கு, வரிப்பள்ளங்களில் மெழுகு. வீட்டில் வார்த்தவை. மூடியில் பென்சிலால் 20:1 என்றிருக்கிறது. இருபது பங்கு ஈயம், ஒரு பங்கு வெள்ளீயம். அச்சுக்குச் சொல்லப்பட்ட எடை 405 கிரெயின். தராசில் 412, 411, 412. ஆன்டிமனி சேராததால் கனம் கூடியிருக்கிறது. ஒன்று மட்டும் 403. உள்ளே காற்றுக்குமிழி இருக்க வேண்டும். அவர் ஏறிட்டுப் பார்க்கிறார். அவளே அதை எடுத்துத் தனியாக வைக்கிறாள், மறுபடி உருக்க.

412-ஐ 7000-ஆல் வகுக்கிறாள். ஒரு பவுண்டுக்கு அத்தனை கிரெயின். பிறகு 0.458 அங்குலக் குறுக்களவின் வர்க்கத்தால். 0.28. பெரியவர் எழுதிக்கொள்கிறார், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.

அந்தக் கேள்விக்குறி எனக்குப் பிடித்திருக்கிறது. காற்றைக் கிழிக்கும் திறனுக்கு ஓர் அளவுகோல் உண்டு: ஓர் அங்குலக் குறுக்களவும் ஒரு பவுண்டு எடையும் உள்ள மாதிரிக் குண்டுக்கு எண் 1. மற்றதெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான். ஆலைக் குண்டென்றால் அந்த எண்ணை ஆலையே சொல்லிவிடும். அடுப்படியில் வார்த்த குண்டுக்கு யார் சொல்வார்கள்? எடையும் குறுக்களவும் பாதிக் கதை. தட்டை மூக்கு காற்றில் எவ்வளவு திணறும் என்பதைச் சுட்டுத்தான் அறிய வேண்டும்.

வேகமானிகள் இரண்டு. ஒன்று மேசைக்கு எதிரே, இன்னொன்று 100 கெஜத்தில், இரும்புத் தகட்டின் மறைவில். தகட்டில் பழைய பள்ளம் ஒன்று. மானியின் இரு கண்களுக்கும் இடையே இரண்டடி. ஈயத்தின் நிழல் அதைக் கடக்க ஒன்றரை மில்லி விநாடி.

1873-ல் பிறந்த 45-70 தோட்டா. தோளில் இடி. வெண்புகை.

பத்துச் சுற்று. துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டு இருவரும் நடந்துபோய்ப் பார்த்து வருகிறார்கள். இங்கே சராசரி, விநாடிக்கு 1310 அடி. அங்கே 1139. கையிலுள்ள வேகப் பட்டியலின்படி 0.28-க்கு 1150-ஐத் தாண்டியிருக்க வேண்டும்.

விரலைப் பட்டியலில் கீழே நகர்த்துகிறார். நிற்கிறது. 0.26.

200 கெஜத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 500-ல் குண்டு ஒரு சாண் கூடுதலாக இறங்கிவிடும். அதற்குத்தான் இந்தக் காலை முழுவதும்.

சிறுமி ரப்பரை நீட்டுகிறாள். கேள்விக்குறியை மட்டும் அழிக்கிறார். 0.28-ஐ அப்படியே விட்டு, அதன் கீழே 0.26 எழுதித் தேதி போடுகிறார்.