கீரமங்கலத்துப் பூவும் மாயர் நாட்டுப் பானமும்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடியைக் கடந்து தென்கிழக்காகச் செல்லும் சாலை, தென்னந்தோப்பும் பலாவும் வாழையும் மாறி மாறி வரும் செம்மண் வட்டாரத்திற்குள் பயணியை அழைத்துச் செல்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பிப் பயிர் செய்யும் இவ்வட்டாரத்திற்குக் கடைத்தெருவாகவும் பூச்சந்தையாகவும் விளங்குவது கீரமங்கலம். ஊரிலுள்ள மெய்நின்றநாதர் கோயில் தடாகத்தில் 81 அடி உயரச் சிவன் சிலை ஓங்கி நிற்க, அதன் எதிரே நக்கீரர் சிலை நிற்கிறது. ஊரின் பெயரையே அப்புலவரோடு சேர்த்துச் சொல்வது இப்பகுதி வழக்கம். பெண்டிர் கூந்தலின் மணம் பிறவியிலேயே அமைந்ததா, பூவாலும் நெய்ப்பாலும் வந்து சேர்வதா என்ற வழக்கில், வந்து சேர்வதே என்று இறைவனின் எதிரிலும் சொல் மாறாது நின்றவராக நக்கீரரைத் திருவிளையாடற் புராணம் காட்டுகிறது. மணத்தைப் பற்றிய அந்த வழக்கு பூச்சந்தை ஊர் ஒன்றில் நினைவுகூரப்படுவது பொருத்தமே. அதே வழக்கை இந்த ஊரில் இன்னொரு பொருளின்மீதும் தொடுத்துப் பார்க்கலாம். அப்பொருள், சாக்லேட்டுக்கு மூலமான கோகோ.

கோகோ மரம் பலாவைப் போல அடிமரத்திலும் பெருங்கிளையிலும் நேராகக் காய்ப்பது. காயைப் பிளந்தால் வெண்ணிறச் சதைப்பற்றுக்குள் முப்பது, நாற்பது விதைகள் அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். அவற்றை மோந்து பார்ப்பவருக்குச் சாக்லேட்டின் மணம் சிறிதும் தெரிவதில்லை. கடித்தால் கசப்பும் துவர்ப்புமே மிஞ்சும். விதைகளைச் சதையோடு குவித்து வாழையிலையால் மூடியோ, மரப்பெட்டியில் இட்டோ ஐந்து முதல் ஏழு நாள் புளிக்க வைக்கும்போது, சதையிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் நுண்ணுயிர்கள் முதலில் சாராயமாகவும், அதன்பின் வேறு நுண்ணுயிர்கள் அச்சாராயத்தைக் காடியாகவும் மாற்றுகின்றன. குவியலின் வெப்பம் 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை ஏற, விதையின் முளை அடங்கி, அதனுள்ளிருக்கும் புரதம் சிதைந்து மணத்திற்கான மூலப்பொருள்கள் உண்டாகின்றன. வெயிலில் உலர்த்தி ஈரத்தை ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குக் குறைத்து, வறுசட்டியில் இட்டு வறுக்கும் வேளையில்தான் உலகம் அறிந்த அந்த மணம் முதன்முதலாக எழுகிறது. கோகோவின் வழக்கில் தீர்ப்பு நக்கீரர் பக்கமே: மணம் விதைக்குப் பிறவியில் வாய்த்ததன்று, காலமும் சூடும் கைவேலையும் சேர்ந்து அதற்குக் கொடுத்தது.

இக்கைவேலையை முதலில் கண்டவர்கள் அமெரிக்கக் கண்டத்தின் தொல்குடிகள். இன்றைய எக்வடோர் நாட்டின் சாந்தா ஆனா-லா ஃபுளோரிடா என்னுமிடத்தில் அகழ்ந்தெடுத்த கலங்களில், சுமார் 5300 ஆண்டுகளுக்கு முற்பட்ட கோகோ எச்சங்கள் கிடைத்துள்ளன. அத்தொல்குடிகளுள் ஒருவரான மாயரின், குவாத்தமாலாவிலுள்ள ரியோ அசூல் என்னும் நகரத்துக் கல்லறையில், கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, திருகி மூடும் மூடியுடைய மண்கலம் ஒன்று கிடைத்தது. அதன்மேல் எழுதியிருந்த மாயர் எழுத்துகளை 'ககாவ்', அதாவது கோகோ, என்று அறிஞர் டேவிட் ஸ்டூவர்ட் படித்தறிய, கலத்தின் உட்புறத்து எச்சத்தை ஆய்ந்த வேதியியலார் அது கோகோவே என்று உறுதி செய்தனர். பின்னர் மெக்சிகோவில் எழுந்த ஆஸ்டெக் பேரரசில் இவ்விதை பானமாகவும் நாணயமாகவும் ஒருங்கே வழங்கியது. ஸ்பானியர் ஆட்சி வந்த பின்னும் அவ்வழக்கம் நீடித்தது என்பதை, 1545ஆம் ஆண்டு அந்நாட்டின் திலாஸ்கலாவில் எழுதப்பட்ட விலைப்பட்டியல் காட்டுகிறது. நல்ல பெட்டை வான்கோழி ஒன்றுக்கு முழுத்த கோகோ விதை நூறு என்று அதில் விலை குறித்திருக்கிறது. கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவானது 1847ஆம் ஆண்டில்தான் என்பதால், கோகோவின் நெடிய வரலாற்றில் மிகப் பெரும்பகுதி குடிக்கும் பானத்தின் வரலாறே ஆகும்.

அந்தப் பானம் இன்று கடையில் கிடைக்கும் இனிப்புப் பாலைப் போன்றதன்று. வறுத்தரைத்த கோகோ விழுதைத் தண்ணீரில் கரைத்து, மக்காச்சோள மாவும் மிளகாயும் சேர்த்து, தேன் கிடைத்தால் சிறிது கலந்து, பெரும்பாலும் கசப்பாகவே அருந்தினர். பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்தினோ தே சாகுன் 16ஆம் நூற்றாண்டில் ஆஸ்டெக் மக்களிடம் கேட்டுத் தொகுத்த, 'ஃபுளோரன்டைன் சுவடி' என்று இன்று வழங்கும் பெருநூல், இப்பானத்திற்கு மணமூட்டிய பொருள்களை விரித்துரைக்கிறது. அவற்றுள் தலையாயவை மூன்றும் நாவாட்டில் என்னும் ஆஸ்டெக் மொழியின் பெயர்களால் அறியப்படுபவை. முதலாவது 'வேய்நகஸ்த்லி', 'பெருங்காது' என்று பொருள்படும் இது, காது மடலைப் போன்ற இதழ்களையுடைய காட்டுப்பூ. இரண்டாவது 'த்லில்ஷோசித்ல்', 'கரும்பூ' என்று பொருள்படும் இதுவே இன்றைய வனிலா. மூன்றாவது 'மெகஷோசித்ல்', 'கயிற்றுப்பூ' என்னும் பொருளுடைய இக்கொடி, மிளகும் வெற்றிலையும் திப்பிலியும் அடங்கிய அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்தப் பட்டியலோடு கீரமங்கலம் பூச்சந்தைக்குள் நுழையும் பயணிக்கு, கூடைகளில் குவிந்திருக்கும் பூக்கள் வேறொரு பொருள் பெறுகின்றன. சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து சேரும் முல்லையும் மல்லிகையும் கனகாம்பரமும் இந்த மண்ணுக்குப் பழகியவை. அவற்றின் அருகிலேயே எடைபோடப்படும் சம்பங்கியும் செண்டிப்பூவும் மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டவை. சம்பங்கியை ஆஸ்டெக் மக்கள் 'ஓமிஷோசித்ல்', அதாவது 'எலும்புப்பூ', என்று அதன் வெண்மை கருதி அழைத்தனர். அவர்களுடைய பூக்கள் கோயில் மாலைகளாகி இவ்வூரில் நிலைத்ததைப் போலவே, அவர்களுடைய மிளகாயும் இங்கு வந்து, மிளகைப் போல் காரமுடைய காய் என்று, உள்ளூர் மிளகின் பெயரையே தன் பெயராக ஏற்றுக் குழம்பில் கலந்தது. அந்த மிளகு இவ்வட்டாரத்திற்கு அயலானதன்று. மலைப்பயிர் என்று கருதப்படும் மிளகுக் கொடி, வடகாடு, சேந்தன்குடி முதலிய அண்டை ஊர்களின் சமவெளித் தோப்புகளிலும் மரங்களில் ஏறிக் காய்க்கிறது. பல்வகை மரங்களை வளர்ப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டு 'மரம்' என்ற அடைமொழி பெற்ற தங்கசாமி, 2018ஆம் ஆண்டு மறையும் வரை வாழ்ந்த ஊர் சேந்தன்குடி. அதே ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயல் இவ்வட்டாரத்தின் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது, ஒரே பயிரை நம்பிய தோப்பின் நிலையாமையையும் பல மரம் கலந்த தோப்பின் தேவையையும் அனைவரும் கண்கூடாக உணர்ந்தனர்.

கோகோவும் கலப்புத் தோப்புக்கு ஏற்ற, நிழல் விரும்பும் மரமே. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1798ஆம் ஆண்டிலேயே குற்றாலத்தில் இதை நட்டுப் பார்த்தனர். எனினும் வணிகப் பயிராக அது வேர்கொண்டது, 1960களில் கேரளத்து வயநாட்டில் தொடங்கிய முயற்சிகளுக்குப் பின்னரே. இன்று தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளிலும், கீரமங்கலத்திற்கு அண்மையிலுள்ள பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளிலும் அது ஊடுபயிராக, அதாவது முதற்பயிரின் வரிசைகளுக்கு இடையே வளரும் துணைப்பயிராக, நடப்படுகிறது.

மாயரும் ஆஸ்டெக்கும் கையாண்ட கருவிகளோ இவ்வூர்ச் சமையற்கட்டுக்குப் புதியவை அல்ல. அவர்கள் கோகோவை அரைத்த 'மெத்தாத்தே' என்பது கால்கள் உடைய சாய்ந்த கல்லும், அதன்மேல் இரு கையாலும் தள்ளி அரைக்கும் உருட்டுக்கல்லும். தமிழ்நாட்டார் அதைக் கண்டவுடன் அம்மியும் குழவியும் என்று அறிந்துகொள்வர். ஸ்பானியர் வருகைக்குப் பின் மெக்சிகோவில் பரவிய 'மோலினியோ' என்னும் மரக்கருவி, உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டிக் கடையும் மத்தே. அதற்கு முந்தைய முறை இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ள, 7-8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாயர் குவளை ஒன்றில், அரண்மனைப் பெண் ஒருத்தி நின்றபடி உயரத்திலிருந்து ஒரு கலத்தின் பானத்தை மற்றொரு கலத்தில் ஊற்றும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. இவ்வாறு மாற்றி மாற்றி ஊற்றி எழுப்பிய நுரையே பானத்தின் உயர்ந்த பகுதியாக மதிக்கப்பட்டது. நுரை எழாமல் நீர்த்துப் போனது தரங்குறைந்த சரக்கு என்று சாகுனின் நூலும் பதிவு செய்கிறது. தமிழில் இச்செயலுக்கு 'ஆற்றுதல்' என்று தனிச்சொல்லே உண்டு. கீரமங்கலம் கடைத்தெருத் தேநீர்க் கடையில் நாள்தோறும் நிகழும் அச்செயலுக்கும் மாயர் குவளையின் ஓவியத்திற்கும் இடையில் பன்னிரண்டு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தொலைவு இருந்தும், கை உயரும் அழகு ஒன்றாகவே இருக்கிறது.

ஆதலின், இவ்வூரில் தங்கி இப்பானத்தைச் செய்து பார்க்க விழையும் பயணி, அயல்நாட்டுக் கருவி எதையும் தேட வேண்டியதில்லை. புளிக்க வைத்து உலர்த்திய கோகோ விதை 100 கிராம் எடுத்து, அடிகனத்த இருப்புச் சட்டியில் சிறுதீயில், தோல் வெடித்துப் பிரியும்வரை விடாது கிளறி வறுக்க வேண்டும். ஆறியபின் கையால் கசக்கி, முறத்தில் இட்டுப் புடைத்தால் தோல் பறந்து பருப்பு நிற்கும். மெக்சிகோப் பெண்கள் அரைகல்லின் அடியில் தணல் வைத்துச் சூடேற்றியதுபோல, பூண்டு வாடை போகக் கழுவிய அம்மியை உச்சி வெயிலில் காயவைத்து, அதன்மேல் பருப்பை அரைக்க வேண்டும். பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அது உடற்சூட்டுக்குச் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே உருகுவதால், தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்காமலே பொடி முதலில் பிசுபிசுத்து, பின் விழுதாகி, இறுதியில் கருமை மின்னும் குழம்பாகும். அதோடு விதை நீக்கி வறுத்த காய்ந்த மிளகாய் ஒன்றும், பத்து மிளகும், கயிற்றுப்பூவின் இடத்தில் அதன் உறவான திப்பிலி இரண்டும் பொடித்துச் சேர்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வறுத்த மக்காச்சோள மாவைக் கரைத்துக் காய்ச்சி, விழுதை அதில் கலந்து, இரண்டு செம்புகளில் மாற்றி மாற்றி ஆற்ற வேண்டும். மாயர் முறைப்படி வெதுவெதுப்பாகவோ, ஆஸ்டெக் முறைப்படி நன்கு ஆறவிட்டோ அருந்தலாம். வெறும் கசப்பைத் தாங்காதவர்க்குச் சிறிது கருப்பட்டி சேர்ப்பது, பழையவர் தேன் சேர்த்ததற்கு ஒப்பானதே. முதல் மடக்கில் கோகோவின் கசப்பும், விழுங்கும்போது மிளகின் காரமும், விழுங்கிய பின் தொண்டையில் மிளகாயின் எரிவும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை உணர்பவர், சுக்கு நீரும் திப்பிலிக் கஷாயமும் பழகிய நாவுக்கு இப்பானம் புதிய உறவினர் என்றே கொள்வர்.

ஊருக்கு ஊர் மணப்பொருளை மாற்றிக்கொள்வது இப்பானத்தின் வரலாற்றுக்கு இசைந்த செயலே. அந்தோனியோ கோல்மெனேரோ தே லெதெஸ்மா என்னும் ஸ்பானிய மருத்துவர் 1631ஆம் ஆண்டு மத்ரித் நகரில் வெளியிட்ட சாக்லேட் நூலில், மெக்சிகோ மிளகாய் கிடைக்காத இடத்தில் மற்ற மிளகாயையும், கயிற்றுப்பூ கிடைக்காத இடத்தில் ரோஜாவையும் சேர்க்கலாம் என்று வழிசொல்கிறார். ஆசியக் கரை தந்த இலவங்கப்பட்டையும் அவருடைய கலவையில் இடம்பெற்றுவிட்டது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், மூன்றாம் கோசிமோ தே மெதிச்சி என்னும் சிற்றரசரின் மருத்துவரும் அறிவியலாளருமான பிரான்செஸ்கோ ரெதி (1626-1697) கண்ட முறையோ கீரமங்கலத்தை நேராகத் தொடுகிறது. அரசவை இரகசியமாக அவர் காத்துவந்த அம்முறையில், வறுத்து நொறுக்கிய கோகோப் பருப்பை ஒரு பரப்பும் புதிதாய்ப் பறித்த மல்லிகையை ஒரு பரப்புமாகப் பெட்டியில் அடுக்கி, ஒரு நாள் கழித்து வாடிய பூவை நீக்கிப் புதுப்பூ இட்டு, இவ்வாறு பத்துப் பன்னிரண்டு முறை செய்த பின்னரே அரைத்தனர். பூவின் மணம் கொழுப்பில் எளிதில் கரைந்து தங்கும் என்பதே இதன் அடிப்படை. எள்ளைப் பூவோடு அடுக்கி மணமேற்றிப் பின் எண்ணெய் ஆட்டும் இந்தியப் பழமுறையும் இதே நெறியைச் சேர்ந்தது. இங்கே பூ உண்ணப்படுவதில்லை, மணத்தை மட்டுமே தருகிறது. ஆயினும் பூச்சிமருந்து தெளிக்கப்படாத வீட்டுக் கொடியின் பூவையே இதற்குக் கொள்ள வேண்டும்.

கீரமங்கலத்தில் இம்முறை வெறும் சுவைக்கான வேடிக்கையாக நின்றுவிடாது. பூவின் வாழ்வு ஒரு நாள். முகூர்த்த நாளில் ஏறும் விலை, வரத்து மிகுந்து தேவை குறைந்த நாளில் பறிகூலிக்கும் போதாமல் சரிய, விற்காத பூவைக் குப்பையில் கொட்டும் துயரம் இச்சந்தைக்குப் பழகியது. பூவிலிருந்து வாசனைத் திரவியம் எடுக்கும் ஆலை வேண்டும் என்று இப்பகுதி விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருவது இதனாலேயே. கோகோவின் கொழுப்பு அந்த ஆலைக்கு ஈடாகாது. ஆனால் இருளில் பறித்த முல்லையின் மணத்தை மறுநாள் குப்பைக்கு விடாமல், மாதக்கணக்கில் ஒரு விழுதுக்குள் காத்துவைக்க, அம்மியும் அடுக்குப் பெட்டியும் உள்ள எந்த வீட்டாலும் முடியும் என்பதை அது காட்டுகிறது. மணம் வந்து சேர்வதே என்று நக்கீரர் வாதிட்டதாகப் புராணம் சொல்லும் சொல்லின் மறுபாதியை இவ்வூர்க் கொல்லைகளில் காணலாம்: வந்து சேரும் மணத்திற்கு முன்னால் யாரோ விடியுமுன் எழுந்து, டார்ச் விளக்கு வெளிச்சத்தில், மொட்டு மொட்டாகப் பறித்திருக்கிறார்கள்.